கல்லூரியில் பணியாளர் சமத்துவ வட்டம்: அது என்ன, எப்படி இயங்குகிறது?

கல்லூரிகளில் சமத்துவம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அது மாணவர்களைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. உதவித்தொகை, விடுதி, சேர்க்கை, ராகிங் தடுப்பு என்று அந்தப் பேச்சு போகும். அதே வளாகத்தில் வேலை செய்கிறவர்களுக்குள் சமத்துவம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பேராசிரியர், கௌரவ விரிவுரையாளர், ஆய்வக உதவியாளர், அலுவலக எழுத்தர், நூலக உதவியாளர், தூய்மைப் பணியாளர், இரவுக் காவலர் என எல்லாரும் ஒரே வாசல் வழியாக வந்து போகிறார்கள். ஆனால் ஒருவருடைய நாள் எப்படிக் கழிகிறது என்பது இன்னொருவருக்குத் தெரியாது.

இந்தக் கேள்வியைப் பணியாளர்களே கையிலெடுத்து, தங்களுக்குள் முறையாகக் கூடிப் பேசி, கல்லூரியின் நடைமுறைகளை மாற்றுவதற்காக அமைத்துக்கொள்ளும் குழுவையே இங்கே பணியாளர் சமத்துவ வட்டம் என்று குறிப்பிடுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால், சிலர் இதைப் புகார்க் குழு என்றும், சிலர் சங்கம் என்றும், வேறு சிலர் மகளிர் தினத்துக்கு விழா எடுக்கும் குழு என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். இவற்றுள் எதுவும் சரியன்று. அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

மதகு திறந்தால் போதுமா?

கிருஷ்ணகிரி அணையின் இடதுபுற, வலதுபுறக் கால்வாய்கள் ஏறக்குறைய 9,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. தண்ணீர் திறக்க அரசின் ஆணை வேண்டும். ஆணை வந்து மதகைத் திறந்துவிட்ட அன்றே கடைமடை வயல் நனைந்துவிடுவதில்லை. ஓரிடத்தில் மண் மேடிட்டிருக்கும், ஓரிடத்தில் புதர் மண்டியிருக்கும், வேறோரிடத்தில் கரை உடைந்து தண்ணீர் வீணாகிக்கொண்டிருக்கும். எங்கே அடைப்பு என்பது தலைமடைக்காரருக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் வயலில் தண்ணீர் நிற்கிறது. கடைமடைக்காரருக்குத்தான் தெரியும். கால்வாய் நெடுக நிலம் வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடி, வாய்க்கால் ஓரமாக நடந்து பார்த்து, தூர்வாரி, முறை வைத்துப் பாய்ச்சிக்கொண்டால்தான் ஆணையில் சொன்னது வயலுக்கு வந்து சேரும்.

சட்டமும் விதிமுறையும் மதகைத் திறக்கின்றன. வாய்க்கால் ஓரமாக நடந்து பார்க்கிற வேலை பணியாளர் வட்டத்தினுடையது. மதகைத் திறப்பது அதன் வேலையன்று. திறந்த தண்ணீர் எங்கே நின்றுபோகிறது என்று கண்டறிவதே அதன் வேலை.

சமத்துவமும் உள்ளடக்கமும்

சமத்துவம் என்பது, ஒருவருடைய சாதி, பாலினம், மதம், மொழி, உடல்நிலை, வேலையின் வகை ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு அவருக்கு உரிய வாய்ப்போ மதிப்போ குறைந்துவிடாமல் இருப்பது. உள்ளடக்கம் என்பது, உள்ளே வந்து சேர்ந்தவர் அங்கு நடக்கும் பேச்சிலும் பொறுப்பிலும் முடிவெடுப்பதிலும் உண்மையாகவே பங்கு பெறுவது.

இரண்டும் ஒன்றல்ல என்பதை இடஒதுக்கீட்டை வைத்து எளிதில் புரிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. அதில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடும் பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் அடங்கும். சித்தேரி மலையிலிருந்து படித்து வந்த மலையாளி என்ற பழங்குடியைச் சேர்ந்த பெண் ஒருவர் இதன் வழியாக விரிவுரையாளர் பணிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை கிடைத்தது சமத்துவத்தின் ஒரு பகுதி. அதன் பிறகு அவரைக் கொள்முதல் குழுவில் சேர்க்கிறார்களா, பாடத்திட்டக் கூட்டத்தில் அவர் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதுகிறார்களா, மதிய உணவு வேளையில் அவரை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார்களா என்பவையெல்லாம் உள்ளடக்கத்தைப் பற்றிய கேள்விகள். இவற்றுக்கு அரசாணை எதுவும் பதில் சொல்வதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு விகிதத்தில் தமிழ்நாட்டின் கடைசி மாவட்டம் தருமபுரி, 68.5 விழுக்காடு. ஆகவே இங்குள்ள கல்லூரிகளில் மாணவர்களைப் போலவே பணியாளர்களிலும் பலர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். எந்தக் கூட்டத்தில் எப்போது எழுந்து பேசலாம், யாரிடம் எதைக் கேட்டால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதையெல்லாம் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் வந்தவர்கள் அவர்கள். உள்ளடக்கம் இங்கே கூடுதல் அலங்காரமாக இல்லாமல் அன்றாடத் தேவையாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

சட்டம் தருவது, சட்டம் நின்றுவிடும் இடம்

ஏற்கெனவே என்னென்ன ஏற்பாடுகள் உள்ளன என்று பார்த்துவிடுவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் கொண்டுவந்த விதிமுறைகள், ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையம் ஒன்றும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் ஒருவரும் இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் அவற்றின் கவனம் பெரும்பாலும் மாணவர்கள் மீதே. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு அமைக்கச் சொல்கிறது. மூத்த பெண் பணியாளர் ஒருவரே அதற்குத் தலைமை தாங்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும். நிரந்தரப் பணியாளர் மட்டுமின்றித் தற்காலிக, ஒப்பந்தப் பணியாளர்களும் இச்சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறார்கள் என்பதைத் தூய்மைப் பணியாளர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும். அவர்களில் பலருக்கு இது தெரியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குறைபாடுகளின் வகையை 21 ஆக விரித்து, அரசுப் பணிகளில் 4 விழுக்காடு ஒதுக்கீடு தந்து, ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்றும் கூறுகிறது.

இவை அனைத்தும் அவசியமானவை. ஆனால் புகார் கேட்கும் அமைப்பு இயங்க வேண்டுமானால், புகார் தருகிறவர் ஒருவரும் குற்றம் சாட்டப்படுகிறவர் ஒருவரும் இருக்க வேண்டும். கல்லூரியில் நடக்கும் ஏற்றத்தாழ்வுகளில் பெரும்பகுதிக்குக் குற்றவாளி என்று தனியாக ஒருவர் கிடையாது. கால அட்டவணை போடும் முறை, கூட்டம் நடத்தும் நேரம், கைப்பிடி இல்லாத படிக்கட்டு, தனியாக வைக்கப்பட்ட வருகைப் பதிவேடு, ஆங்கிலத்தில் மட்டும் வரும் சுற்றறிக்கை ஆகியவற்றின் மீது யார் பெயரைப் போட்டுப் புகார் எழுதுவது?

பணியாளர் சங்கங்கள் இந்த இடைவெளியை நிரப்புமா என்றால், அவற்றின் வேலை வேறு. ஊதியம், பணிப் பாதுகாப்பு, பதவி உயர்வு ஆகியவற்றுக்காகத் தம் உறுப்பினர் சார்பில் அவை போராடுகின்றன. அது நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஆசிரியர்களுக்கு ஒரு சங்கம், ஆசிரியரல்லாத பணியாளர்களுக்கு ஒரு சங்கம், கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஒரு சங்கம் என்று அவை அடுக்கு அடுக்காகப் பிரிந்திருக்கின்றன. அடுக்குகளைக் கடந்து ஒரே மேசையில் உட்காருவதற்கு இடம் இல்லை.

சுருங்கச் சொன்னால், நடந்துவிட்ட தீங்குக்குத் தீர்வு தேடுவது புகார்க் குழு. உறுப்பினரின் உரிமையைக் கேட்டுப் பெறுவது சங்கம். யாரும் திட்டமிடாமலே நடைமுறையில் ஊறிப்போன ஏற்றத்தாழ்வைக் கண்டுபிடிப்பது பணியாளர் வட்டம்.

வட்டம் எப்படி இயங்குகிறது

இனி உண்மையான இயக்கத்துக்கு வருவோம். ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 1991-இல் முன்வைத்த கருத்து ஒன்று இங்கே உதவும். ஒரே வேலையைச் செய்கிறவர்கள் தொடர்ந்து கூடி, ஒருவர் அனுபவத்திலிருந்து மற்றவர் கற்றுக்கொள்ளும் குழுவுக்கு நடைமுறைச் சமூகம் என்று பெயர். லைபீரியாவின் தையற்காரர்களிடம், புதிதாகச் சேரும் சிறுவன் முதலில் பொத்தான் தைக்கவும் ஓரம் மடிக்கவும் கற்று, துணி வெட்டும் வேலைக்குக் கடைசியில்தான் வந்து சேர்வதை லேவ் கவனித்திருந்தார். ஓரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பவரும் அந்தக் குழுவின் முறையான உறுப்பினரே என்பது இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம். வட்டத்துக்கு வந்து முதல் சில கூட்டங்களில் வாய் திறக்காமல் இருப்பவரைப் பேசச் சொல்லி நெருக்கக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். பல்கலைக்கழகத் தேர்வு நாள். இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் பாதிக்கப்பட்ட விரிவுரையாளர் ஒருவருக்கு இரண்டாம் மாடியில் கண்காணிப்புப் பணி போடப்பட்டிருக்கிறது. காலை ஒன்பதரை மணிக்குள் முதன்மைக் கண்காணிப்பாளர் அறையில் விடைத்தாள் கட்டை வாங்கிக்கொண்டு அவர் படியேற வேண்டும். கைப்பிடி முதல் மாடியோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஒரு கையால் கட்டை நெஞ்சோடு அணைத்து, மறு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். முதல் பருவத்தில் பணிப் பட்டியல் போடுகிறவரிடம் சொன்னார். அவர் உடனே மாற்றிக் கொடுத்தார். அடுத்த பருவத்தில் பட்டியல் போட்டவர் வேறொருவர். மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கடுத்த பருவத்தில், ஒவ்வொரு முறையும் போய் நின்று கேட்பதற்குக் கூசி, அவர் பேசாமல் ஏறிவிட்டார். இதில் யாரும் அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை.

இதை அவர் வட்டத்தில் சொல்கிறார். சொன்னதும், தனக்கு முழங்கால் வலி என்று ஆய்வக உதவியாளர் ஒருவர் சொல்கிறார். நிறைமாதத்தில் அதே படிகளை ஏறியதைக் கௌரவ விரிவுரையாளர் ஒருவர் நினைவுகூர்கிறார். அப்போது, பட்டியலைத் தட்டச்சு செய்யும் அலுவலக எழுத்தர் ஒரு தகவலைச் சொல்கிறார்: பெயர்கள் பணிமூப்பு வரிசையில் இருக்கின்றன, அறை எண்கள் தரைத்தளத்திலிருந்து தொடங்குகின்றன, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிரப்புகிறோம். ஆகவே மூத்தவர்களுக்குத் தரைத்தளமும், வரிசையில் கடைசியில் வரும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு மேல் மாடியும் தாமாகவே போய்ச் சேர்கின்றன. இத்தனை ஆண்டுகளாக ஒருவருக்கும் தெரியாதிருந்த காரணம் இது. எழுத்தர் அந்த மேசையில் இல்லாமல் போயிருந்தால், பேராசிரியர்கள் மட்டும் எத்தனை கூட்டம் போட்டிருந்தாலும் இது வெளிவந்திருக்காது.

இனி தீர்வு எளிது. பட்டியல் போடுவதற்கு ஒரு வாரம் முன்பு எல்லாருக்கும் அனுப்பும் படிவத்தில் 'தரைத்தள அறை தேவை' என்று ஒரு கட்டம் சேர்க்கப்படுகிறது. காரணம் எழுத வேண்டியதில்லை. மீதியுள்ளவர்களுக்கு அறைகள் குலுக்கல் முறையில் தரப்படுகின்றன. இந்த ஏற்பாடு கல்லூரிக் கவுன்சிலில் தீர்மானமாகப் பதிவாகிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் மற்றவர்களுக்கு இணையாகப் பணியாற்ற, நிறுவனத்தின் மேல் அளவுக்கு மீறிய சுமை ஏற்றாமல் செய்து தரும் இத்தகைய மாற்றத்தை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமான தகவமைப்பு என்று வரையறுக்கிறது. முன்பு ஒருவருடைய இரக்கத்தைப் பொறுத்திருந்த ஒன்று, இப்போது யார் பட்டியல் போட்டாலும் மாறாத நடைமுறையாகிவிட்டது.

அந்த எடுத்துக்காட்டில் நடந்ததைத் திரும்பப் பாருங்கள். தனி ஒருவரின் அனுபவம் வந்தது. அதோடு ஒத்த அனுபவங்கள் சேர்ந்தன. அவற்றின் பொதுக் காரணம் தெரிந்தது. காரணத்தை நீக்கும் நடைமுறை எழுதப்பட்டது. அதிகாரம் உள்ள மன்றத்தில் அது நிறைவேறியது. வட்டத்துக்குத் தீர்மானிக்கும் அதிகாரம் எதுவும் கிடையாது. ஆதாரத்தோடு கேட்கும் வலிமை மட்டுமே அதற்கு உண்டு.

யார் உட்கார வேண்டும், எப்படிப் பேச வேண்டும்

கௌரவ விரிவுரையாளர்கள் இல்லாத வட்டம் பயனற்றது என்பது என் உறுதியான கருத்து. நிரந்தரப் பேராசிரியருக்கு இணையாகப் பாடம் நடத்திவிட்டு, தொகுப்பூதியத்தில், ஆண்டுக்குப் பதினோரு மாதச் சம்பளத்தோடு, அடுத்த ஆண்டு வேலை தொடருமா என்ற கவலையோடு இருப்பவர்கள் அவர்கள். அந்தக் கவலை இருக்கும் வரை துறைத் தலைவரின் முன்னிலையில் அவர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். பேசும்படி எதிர்பார்ப்பதும் நியாயமன்று. சுயநிதிக் கல்லூரிகளில், அசல் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொண்டிருக்கும் இடங்களில், இந்த அச்சம் இன்னும் கூடுதல்.

ஆகவே சில ஏற்பாடுகள் தவிர்க்க முடியாதவை. முதல்வரும் துறைத் தலைவர்களும் வட்டத்தின் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கக் கூடாது. அவர்களுடைய ஆதரவு வேண்டும், ஆனால் அவர்கள் நாற்காலி அந்த அறையில் இருக்க வேண்டியதில்லை. குறிப்பேட்டில் என்ன பேசப்பட்டது என்பது இருக்கலாம், யார் பேசினார் என்பது இருக்கக் கூடாது. வாட்ஸ்ஆப் குழுவைக் கூட்ட அறிவிப்புக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். அங்கே எழுதப்படும் ஒரு வரி, ஸ்க்ரீன்ஷாட்டாக மாறி மாலைக்குள் முதல்வர் அறைக்குப் போய்விட்டால், அதன் பிறகு எவரும் எதையும் சொல்ல மாட்டார்கள்.

கூட்ட நேரமும் சிறிய செய்தியன்று. மாலை நான்கரைக்குக் கூட்டம் வைத்தால் அரூருக்கும் பென்னாகரத்துக்கும் பேருந்து பிடிக்க வேண்டியவர்களும், சேலத்திலிருந்து வந்து போகிறவர்களும், வீட்டில் சிறு குழந்தை உள்ள பெண்களும் வர முடியாது. பக்கத்திலேயே வீடு உள்ளவர்கள் மட்டும் இருப்பார்கள். இரண்டு ஷிப்ட் நடக்கும் கல்லூரியில், முதல் ஷிப்ட் முடிந்து இரண்டாவது தொடங்கும் மதிய இடைவேளையே எல்லாரும் வளாகத்தில் இருக்கும் ஒரே நேரம். தூய்மைப் பணியாளர்களுக்கு அந்த நேரம் வேலை நேரமாக இருந்தால், அவர்களை அனுப்பி வைப்பதற்கு ஒப்பந்ததாரரிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் பிடிக்கப்பட்டால் அந்தக் கூட்டமே ஒரு பாகுபாடாகிவிடும்.

மொழியையும் கவனிக்க வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதியில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய உண்டு. கிருஷ்ணகிரி நகரில் உருது பேசும் குடும்பங்கள் உண்டு. சுற்றறிக்கையைத் தமிழில் வாசித்துக் காட்டி, தேவைப்பட்டால் பக்கத்தில் இருப்பவர் அவருடைய மொழியில் எடுத்துச் சொல்வதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

சாதியைப் பற்றிப் பேசுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். 2012 நவம்பர் 7-ஆம் நாள் நத்தம் காலனி உள்ளிட்ட தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட மாவட்டம் தருமபுரி. அந்த நிகழ்வின் வலியை ஒவ்வொரு விதமாகச் சுமக்கும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இன்று ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வட்டம் அவர்களை விவாதத்துக்கு இழுத்து யார் சரி என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. குழுப் பொறுப்புகள், கூடுதல் பணிகள், வெளியூர்ப் பயிற்சிகள் ஆகியவை கடந்த மூன்று ஆண்டுகளில் யார் யாருக்குப் போயின என்று அலுவலகப் பதிவேட்டிலிருந்து எடுத்து மேசையில் வைக்கலாம். பதிவேட்டிலிருந்து தொடங்கும் பேச்சு பொறுமையாக நடக்கும். குற்றச்சாட்டிலிருந்து தொடங்கும் பேச்சு முதல் பத்து நிமிடத்திலேயே முறிந்துவிடும்.

ஒருவர் மேல் பல சுமைகள்

ஒரு சொல்லை மட்டும் இங்கே விளக்கிவிடுகிறேன். அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல், கறுப்பினப் பெண்கள் எதிர்கொள்ளும் பாகுபாட்டை இனப் பாகுபாடாகவோ பாலினப் பாகுபாடாகவோ தனித்தனியாகப் பார்த்தால் அது கண்ணில் படாமலே போய்விடுகிறது என்று சுட்டிக்காட்டினார். ஒரே ஆளின் மேல் பல அடையாளங்கள் ஒன்றோடொன்று குறுக்கிடும்போது புதியதொரு நிலை உருவாவதை ஊடுவெட்டு நிலை என்று சொல்லலாம். ஆசிரியர் அறையின் கழிப்பறைச் சாவி நிரந்தரப் பேராசிரியைகளிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெண்களுக்கு வசதி இருக்கிறது, கௌரவ விரிவுரையாளர்களில் ஆண்களுக்குப் பிரச்சினை இல்லை என்று இரு கணக்குகளும் சரியாக வரும். கௌரவ விரிவுரையாளராகவும் பெண்ணாகவும் இருப்பவர் மட்டும் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பார்.

வெளியே நடந்தவை, இங்கே தவறிப்போகும் இடங்கள்

இந்த முயற்சி உலகத்துக்குப் புதியதன்று. பிரிட்டனில் 2005-இல் ஏதீனா ஸ்வான் என்ற திட்டம் அறிவியல் துறைகளின் பெண்களுக்காகத் தொடங்கியது. பணியாளர்களே குழு அமைத்துத் தம் நிறுவனத்தை ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2015-இல் அது கலைப் பாடங்களுக்கும் ஆசிரியரல்லாத பணியாளர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அதை முன்மாதிரியாகக் கொண்டு இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020-இல் கதி என்ற திட்டத்தை அறிவித்தது.

நம் கல்லூரிகளில் இது தவறிப்போகும் இடங்கள் வேறு. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் பாலினச் சமத்துவமும் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளும் கேட்கப்படுவதால், ஒரு கூட்டம் நடத்திப் புகைப்படம் எடுத்துக் கோப்பில் சேர்ப்பதோடு வேலை முடிந்ததாகக் கருதப்படுகிறது. மதிப்பீட்டுக்கு ஆவணம் தேவைதான்; ஆனால் மாறிய நடைமுறையே ஆவணமாக இருக்க வேண்டும். இன்னொன்று, வட்டத்தின் வேலை முழுவதும் பெண்கள் தலையிலும் பட்டியல் சாதிப் பணியாளர் தலையிலும் விழுவது. பாதிக்கப்பட்டவர்களே தங்கள் பாதிப்பைச் சரிசெய்யவும் கூடுதலாக உழைக்க வேண்டும் என்பது அநீதி. வட்டத்தின் செயலாளர் பணியை மற்றக் குழுப் பணிகளுக்குச் சமமாகக் கணக்கிட்டு, அவருக்கு வேறொரு பொறுப்பைக் குறைக்க வேண்டும்.

தொடங்குகிறவர்களுக்கு

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். ஆனால் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒருவராவது இருக்க வேண்டும். முதல் கூட்டத்தில் நோக்க அறிக்கை எழுத உட்கார வேண்டாம். 'இந்த வளாகத்தில் உங்கள் வேலையைக் கடினமாக்கும் ஒரு சிறு விஷயம் எது?' என்ற கேள்வியை மட்டும் சுற்றி வரச் சொல்லி, வந்த பதில்களில் அதிகச் செலவில்லாமல் ஒரே பருவத்தில் முடிக்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்து முடிக்க வேண்டும். தனி வருகைப் பதிவேட்டை ஒன்றாக்குவது, படிக்கட்டுக் கைப்பிடியை நீட்டிப்பது, தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்து சாப்பிட மின்விசிறி உள்ள ஓர் அறையைத் திறந்துவிடுவது போன்றவை அப்படிப்பட்டவை. ஒன்று முடிந்தது என்று தெரிந்தால் இரண்டாவது கூட்டத்துக்குத் தயங்கியவர்களும் வருவார்கள். கேட்ட கோரிக்கை மறுக்கப்பட்டாலும், மறுக்கப்பட்டதையும் அதற்குச் சொன்ன காரணத்தையும் வட்டத்தில் வந்து சொல்லியே ஆக வேண்டும். பதில் வராமல் போவதே மக்களை விலகச் செய்கிறது.

அரசுக் கல்லூரியாக இருந்தால் இன்னொரு முன்னேற்பாடு வேண்டும். பணியிட மாறுதல் கலந்தாய்வில் செயலாளர் வேறு ஊருக்குப் போய்விட்டால் வட்டம் அதோடு நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். எனவே தொடக்கத்திலிருந்தே இரண்டு செயலாளர்கள் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் அதே ஊரைச் சேர்ந்த ஆசிரியரல்லாத பணியாளராக இருப்பது நல்லது. குறிப்பேடும் தீர்மான நகல்களும் தனிநபரின் பையில் இருக்காமல் நூலகத்தில் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். சாவி இருவரிடமும் இருக்கட்டும்.